'இல்லை' வேறு, 'காணப்படவில்லை' வேறு

உணவாய்வுக்கூடச் சான்றிதழில் 'காணப்படவில்லை' என்னும் சொல்லைக் கண்டதும், 'இல்லை' என்றே பொருள்கொண்டு நாம் அமைதியுறுகிறோம். விளக்கொளி எட்டாத மூலையில் ஊசி காணப்படவில்லை எனின், ஊசியே இல்லை என்றாகுமா?

இறாலில் தங்கும் குளோராம்பெனிகால் என்னும் மருந்தின் எச்சத்தைக் கொள்வோம். கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம் அளவையேனும் ஆய்வுமுறை கண்டறிதல் வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் வரையறுத்தது. 2022 நவம்பர் முதல், 0.15ஐ எட்டினாலே அவ்விறால் அங்கு ஏற்கப்படாது. ஐந்துக்குக் கீழ்க் காணமாட்டாத கருவியோ, இரண்டு மைக்ரோகிராம் உள்ள இறாலுக்கும் 'காணப்படவில்லை' என்றே எழுதும், பொய்யுரைத்ததாகவும் ஆகாது!

ஆதலின் ஆய்வுக்கூடம் முதலில் தன்னையே ஆய்தல் வேண்டும். எச்சமற்ற மாதிரியில் அறிந்த அளவு பூச்சிமருந்தைத் தாமே கலந்து, ஆய்வில் எவ்வளவு மீள்கிறது என நோக்குவர். சராசரியாக 70 முதல் 120 விழுக்காடு மீண்டால் ஏற்கலாம் என்பது ஐரோப்பிய வழிகாட்டுநெறி. (இட்டதினும் மிகுதியாக மீள்வது எங்ஙனம் என வியக்க வேண்டா, உணவின் பிற பொருள்கள் கருவியின் கணக்கை மிகைப்படுத்துவதுண்டு.) மாதிரியின்றி வெறுங்கரைப்பானை மட்டும் ஆய்ந்தும் பார்ப்பர், கலத்தில் பழைய கறை இருப்பின் அது காட்டிக்கொடுத்துவிடும்.

பொழுதும் பொருளும் செலவாகும் என்று இவற்றைச் சுருக்குவோர் உளர். அச்சிக்கனம் நமக்கு உடன்பாடன்று. பிழைபட்ட முடிவு, ஒருபால் குழந்தையின் பாற்குவளையில் நஞ்சைச் செல்லவிடுகிறது. மறுபால், குற்றமற்ற இறால் வளர்ப்போரின் சரக்கைத் துறைமுகத்தில் தடுக்கிறது. கண்டறியும் எல்லையும் மீட்பு விழுக்காடும் குறிக்கப்பெறாத சான்றிதழைப் பெறுவோர், அதனைத் திருப்பி அனுப்புதலே முறை.