சூரியனைப் பார்த்தாயிற்று, கலங்கலைப் பார்த்தீர்களா?



இன்று விடியற்காலை சிட்லப்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தேன். மூட்டுவலிக்காரனான எனக்கே சிரமமில்லாத பாதை. சூரியன் எழும்பியதும் எல்லோரும் செல்போனை நீட்டினார்கள், நானும்தான்.

ஆனால் ஏரி படம் எடுக்க மட்டுமா? இது நிரம்பினால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கும் போக வேண்டும். நீர் போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்கள் உங்களில் உண்டு.

2019-இல் ஊர் மக்களே இறங்கிக் குப்பை அள்ளிய ஏரி இது. நடைபாதை வந்துவிட்டதென்று அந்த அக்கறையை விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை கலங்கல் வரை போய்ப் பாருங்கள். அடைப்பு இருந்தால் அதையும் படமெடுத்து மாநகராட்சிக்கு அனுப்புங்கள்.

இது வீட்டுப்பாடம்!