குற்றம் பூனைக்குட்டியினுடையதா?

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி

ஆண்டு மலருக்கு எழுதப் பொருளா இல்லை, பூனையின் மலஜலத்தைப் பற்றியா எழுதப் போகிறாய் என்று தோழியர் கேலி செய்கின்றனர். செய்யட்டும். சென்ற ஜூலை மாதம் இதே காரணத்துக்காக எங்கள் வீட்டில் ஓர் உயிர் கோணிப் பைக்குள் போக இருந்தது. ஆகவே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. கீழே வாசல் முழுவதும் சிமென்ட் தளம். கைப்பிடி மண் கிடையாது. ஒரு மாலை மாடிப்படியின் அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியை நான்தான் தூக்கி வந்தேன். சாம்பல் நிறம், இரண்டு மாதம்கூட நிரம்பியிருக்காது. பஞ்சு என்று பெயரிட்டேன். "வீட்டை அசிங்கம் பண்ணக் கூடாது" என்ற ஒரே நிபந்தனையின் பேரில் அப்பா சம்மதித்தார்கள்.

பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் மணல் நிரப்பி, சமையலறை மூலையில் அதன் பால் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பஞ்சு அதை முகர்ந்து பார்த்ததோடு சரி. முதல் நாள் அரிசிப் பானைக்குப் பின்னால், இரண்டாம் நாள் அப்பா தேய்த்து வைத்திருந்த சட்டையின்மேல், மூன்றாம் நாள் என் மெத்தையில்.

பக்கத்து வீட்டு அத்தை ஒரு வைத்தியம் சொன்னார்கள்: மூக்கை அதிலேயே தேய்த்து இரண்டு போடு, அப்புறம் வராது. எத்தனையோ வீடுகளில் இன்றும் சொல்லப்படும் வைத்தியம்தான் இது. நானும் அப்படியே செய்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். விளைவு என்ன? பஞ்சு அசுத்தம் செய்வதை நிறுத்தவில்லை. என் கண்ணில் படும்படி செய்வதைத்தான் நிறுத்தியது. பீரோவின் அடியில் போய் ஒளிந்துகொண்டது. நான் கை நீட்டினால் காதை மடக்கிக்கொண்டு பின்வாங்கியது. அடி வாங்கிய பூனைக்கு அது எதற்காக விழுந்தது என்று தெரியாது. யார் அடித்தார் என்பது மட்டுமே தெரியும். ஆயினும் நம்மில் பலர் இதைப் "பழக்குதல்" என்றே அழைக்கிறோம்.

புதன்கிழமை அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் சாக்கில் கட்டி மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது. அம்மாவும் மறுக்கவில்லை. தரையைத் துடைத்துத் துடைத்து அவர்களுக்குக் கை ஓய்ந்துபோயிருந்தது.

வியாழனன்று நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஆச்சி வந்தார்கள். நான் அழுதுகொண்டே கதையைச் சொல்ல, ஆச்சி பேசினுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இதுல உன் காலை வச்சுப் பாரு" என்றார்கள். வைத்தேன். குத்தியது. நான் நிரப்பியிருந்தது எம் சாண்ட். பாறையை உடைத்துச் செய்வதால் முனை முனையாக இருக்கும் கட்டட மணல். இரண்டு மாதக் குட்டியின் பாதம் எப்படித் தாங்கும்? "திங்கிற இடத்துக்குப் பக்கத்துல நீ போவியா?" என்பது ஆச்சியின் அடுத்த கேள்வி. அதற்கும் என்னிடம் விடை இல்லை.

என் கட்சி இதுதான்: குட்டி மணல் தட்டுக்குப் போக மறுத்தால், முதலில் சோதிக்க வேண்டியது தட்டை, குட்டியை அன்று.

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. வறண்ட நிலத்தில் மண்ணைத் தோண்டிக் கழித்து, மேலே மண்ணைத் தள்ளி மூடும் வழக்கம் அவ்வினத்தின் இரத்தத்தில் ஊறியது. பிறந்த முதல் மூன்று வாரங்கள் குட்டியால் தானாக மலஜலம் கழிக்கவே இயலாது; தாய் நக்கிவிட்டால்தான் வரும். நான்காம் வாரமளவில் அதுவே மண்ணைக் கீறத் தொடங்கிவிடும். ஆகவே நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது மிகவும் கொஞ்சம். தோண்டுவதற்கு மிருதுவான மண்ணை, அது அஞ்சாத இடத்தில் வைத்தால் போதும். ஆச்சியின் வீட்டில் கொல்லை இருந்தது, அடுப்புச் சாம்பல் இருந்தது. எந்தப் பூனைக்கும் யாரும் பாடம் நடத்தவில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் சாம்பலும் மணலுமே வைத்தனர். 1947-இல் எட்வர்டு லோவ் என்பவர் ஈரத்தை உறிஞ்சும் களிமண் துகள்களைப் பூனைகளுக்கென்றே விற்கத் தொடங்கினார். இப்போது நம் ஊர்க் கடைகளிலும் அத்தகைய மண் கிடைக்கிறது. ஈரம் பட்டதும் கட்டியாக இறுகும் வகையைச் சின்னக் குட்டிக்கு வாங்காதீர்கள். அது மண்ணைத் தின்று பார்க்கும் வயது.

நாங்கள் வாங்கவில்லை. ஆச்சி ஊரிலிருந்து தருவித்த நைசான மணலைச் சலித்து, விளிம்பு தாழ்ந்த தட்டில் இரண்டு அங்குலம் பரப்பி, ஆள் நடமாட்டமில்லாத பின்கட்டு அறையில் வைத்தோம். பஞ்சுவின் உணவு அவ்வறையின் எதிர் மூலைக்குப் போயிற்று. துடைத்த பழந்துணியின் ஒரு துண்டைத் தட்டில் போட்டோம், வாசனை வழி காட்டுவதற்காக. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் குட்டியைத் தூக்கித் தட்டில் விட்டேன். அது இறங்கி ஓடினால் ஓட விட்டேன்; பிடித்து அழுத்தவில்லை.

தாய்மார்களுக்கு ஒரு சொல். அசுத்தம் செய்த இடத்தைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். கருப்புப் பினாயிலில் பீனால் வகைப் பொருள்கள் உள்ளன. அவற்றை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. அந்தத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே நஞ்சு உள்ளே போய்விடும். சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு வினிகர் கலந்த நீரால் துடைத்தால் வாடையும் போகும், குட்டியும் அவ்விடத்தைத் தேடி வராது.

அம்மாவின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். பூனை வேண்டும் என்பவள் மகள், தட்டைக் கழுவுபவள் தாய் என்பதுதான் பெரும்பாலான வீடுகளின் நிலை. குட்டியைத் தூக்கி வந்தவளே தட்டையும் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் தினமும். பூனையின் மலத்தில் வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அகற்றிக் கையைக் கழுவிவிட்டால் அச்சம் பெரும்பாலும் நீங்கும். கர்ப்பிணிகள் தட்டைத் தொடவே கூடாது. பிரசவத்துக்கு வந்திருந்த என் அக்காவை அந்த அறைப் பக்கமே நான் விடவில்லை.

எல்லாம் சரியாக வைத்தும் குட்டி அடிக்கடி முக்கினாலோ, இரத்தம் கண்டாலோ, அது பிடிவாதமன்று, நோய். கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டு போக வேண்டும்.

கோணிப் பையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மார்க்கெட்டில் எலி உண்டு, பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். நாயும் உண்டு, லாரியும் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "எனக்கே சட்டம் சொல்கிறாயா?" என்று கேட்டார்களே தவிரக் கோபிக்கவில்லை.

சனிக்கிழமை இரவு பஞ்சு தட்டில் ஏறி, நெடுநேரம் தோண்டி, காரியத்தை முடித்து, அழகாக மூடிவிட்டு வந்தது. ஞாயிறு காலை வாசல் மிதியடியில் மறுபடியும் ஒருமுறை தவறிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா பார்த்தார்கள், "அந்தப் பக்கமும் ஒரு தட்டு வை" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கோணிப் பையில் இப்போது மணல் வைத்திருக்கிறோம். வாரந்தோறும் அதிலிருந்து அள்ளிச் சலித்து மொட்டை மாடியில் காயப்போடுவது என் வேலை. காயும் மணலில் போய்ப் படுத்துக்கொள்வது பஞ்சுவின் வேலை.