பி.பி. எண் வீடு

நஞ்சன்கூட்டில் என் வீட்டு மேஜைக்கடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. கன்னடத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும்போது சேர்த்த சொற்கள், வட்டார வழக்குகள், பாதியில் நின்ற வரைவுகள் என்று இருபது ஆண்டுச் சேமிப்பு அதில் கிடக்கிறது. சென்ற ஆண்டு சென்னையில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு சந்தேகம். 'ஜகலி' என்பதை முதல் அத்தியாயத்தில் திண்ணை என்று போட்டேனா, ஜகலி என்றே விட்டேனா? பதில் மேஜைக்கடியில். அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, கம்ப்யூட்டரை முடுக்கி அந்தக் கோப்பைத் திறக்கச் சொன்னேன். "எந்தக் கோப்பை? காப்பி குடிக்கிறதா?" என்றார். அவருக்கு வயது 74. தவறு என்னுடையது.

ஊர் திரும்பியதும் வெளியூரிலிருந்தே அந்த இயந்திரத்தைத் தொடுவதற்கு வழி செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். முறை ஒன்றும் ரகசியமல்ல. வீட்டு ரௌட்டர் ஒரு வாசல்காரன். உள்ளிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே போகலாம். வெளியிலிருந்து அழைப்பில்லாமல் வருபவரை அது தடுத்துவிடும். "இந்த எண்ணைச் சொல்லிக்கொண்டு வருபவரை மட்டும் மேஜைக்கடியில் இருப்பவரிடம் அனுப்பு" என்று அதனிடம் எழுதிக் கொடுத்தால் அதுதான் போர்ட் ஃபார்வர்டிங். (போர்ட்டைத் துறை என்றும் வாயில் என்றும் எழுதிப் பார்த்தேன். கபிலை ஆற்றங்கரையில் வசித்துக்கொண்டு துறை என்று எழுதினால் படித்துறைதான் நினைவுக்கு வருகிறது. போர்ட் என்றே இருக்கட்டும்.)

முதலில் கம்ப்யூட்டருக்கு வீட்டுக்குள் மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கினேன்: 192.168.1.20. இதைச் செய்யாவிட்டால் மின்சாரம் போய் வரும்போது முகவரி மாறி, விருந்தாளி அடுத்த அறைக் கதவைத் தட்டுவார். பிறகு, வெளியே 2222 என்று கேட்டு வந்தால் உள்ளே 22ஆம் எண் போர்ட்டுக்கு அனுப்பும்படி விதி எழுதினேன். கம்ப்யூட்டரின் சொந்தத் தடுப்புச் சுவரிலும் வழி திறந்தேன். வீட்டுக்குள் இருந்தபடி உள்முகவரியைக் கூப்பிட்டால் உடனே பதில் வந்தது. கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் இணைப்பு வழியாக வெளிமுகவரியைக் கூப்பிட்டால் மௌனம். (வீட்டு வைஃபையிலேயே இருந்துகொண்டு வெளிமுகவரியைச் சோதிப்பதில் பயனில்லை. சில ரௌட்டர்களுக்குத் தன் வாசலைத் தானே தட்டத் தெரியாது. இதை அறிவதில் எனக்கு ஒரு இரவு போயிற்று.)

மூன்றாம் இரவு விஷயம் புரிந்தது. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' என்ற தலைப்பில் அதற்கு நிறுவனம் கொடுத்த முகவரி இருக்கும். என்னுடையது 100.72 என்று தொடங்கியது. வெளி உலகம் என்னைப் பார்க்கும் முகவரியோ முற்றிலும் வேறு. இந்த இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் உங்கள் ரௌட்டருக்கும் உலகத்துக்கும் நடுவில் இன்னொரு வாசல்காரன் நிற்கிறான் என்று பொருள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், நிறுவனங்கள் தம் சந்தாதாரர்களை ஒரே கூரைக்குக் கீழே அடைப்பதற்கென்றே 2012 ஏப்ரலில் ஒதுக்கப்பட்டவை. அங்கே 192.168 என்றோ 10 என்றோ இருந்தால், நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் வீட்டுக்குள் பாருங்கள். ஃபைபர் பெட்டி ஒரு ரௌட்டர், நீங்கள் வாங்கி வைத்தது இன்னொன்று என்று இரண்டு இருக்கலாம். அப்படியானால் முதல் பெட்டியை 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றினால் போதும்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. பழைய விசிட்டிங் கார்டுகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று அச்சிட்டிருக்கும். தெருவில் ஒரு வீட்டில்தான் தொலைபேசி. நாம் அங்கே போய் யாரையும் அழைக்கலாம். நமக்கு அழைப்பு வந்தால், அந்த வீட்டுப் பையன் ஓடி வந்து கூப்பிட வேண்டும். இன்று நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு ஒரு பொது முகவரி. ஓடி வந்து கூப்பிடத்தான் பையன் இல்லை. என் ரௌட்டரில் நான் எத்தனை விதி எழுதினாலும், மேலே நிறுவனத்தின் பெட்டியில் எழுத எனக்கு அதிகாரம் கிடையாது.

இந்த நிலைக்குக் காரணம் பஞ்சம். 1981ல் வரையறுக்கப்பட்ட முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள். முன்னால் வந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே கல்வி நிறுவனம் 1 கோடியே 67 லட்சம் முகவரிகளை வைத்திருந்தது. 2017ல்தான் அதில் ஒரு பகுதியை விற்றது. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3ல் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்நிக் அமைப்பு அதே ஆண்டு ஏப்ரல் 15 முதல், நிறுவனம் ஒன்றுக்கு அதிகபட்சம் 1,024 என்று ரேஷன் முறைக்கு வந்தது. சந்தாதாரர் கூட்டம் பெருகும்போது கையில் 1,024 இருந்தால் எந்த நிறுவனமும் பி.பி. முறைக்குத்தான் போகும். இதில் எனக்குக் கோபமில்லை. விற்கும்போது சொல்வதில்லை என்பதில்தான் கோபம். விளம்பரத்தில் வேகம் இருக்கிறது. "நீங்கள் வெளியே போகலாம், உங்களைத் தேடி யாரும் வர முடியாது" என்ற வரி இல்லை.

புகார் கொடுத்தேன். தொலைபேசியில் பேசிய பெண் ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார், கைபேசியில் வேகத்தை அளந்து காட்டினார். "நெட் பர்த்தா இதெ அல்வா, மேடம்?" என்றார். வருகிறதல்லவா என்று கேட்கிறார். என் தமிழ்க் காதில் அல்வா மட்டும் தனியாக விழுந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நிலையான பொது முகவரி வேண்டுமென்றால் வணிகத் திட்டத்துக்கு மாறி, தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்ற தகவலைக் கடைசியில் அவர்தான் சொன்னார்.

பணம் கட்டுவது ஒரு வழி. இரண்டாவது, ஆறாம் பதிப்பு முகவரி. முதல் வரையறை 1995லேயே வந்துவிட்டது. மொத்த முகவரிகள் 39 இலக்க எண். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கிடைக்கும். இதைப் பயன்படுத்துவதில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. ரௌட்டரின் தடுப்புச் சுவரில் ஒரு விதி திறந்தால் போதும், ஃபார்வர்டிங்கே தேவையில்லை. என் நிறுவனம் இதைக் கொடுத்திருந்தது. ஆனால் அது கொடுத்த ரௌட்டரில் அந்த விதியை எழுதும் பக்கம் பூட்டப்பட்டிருந்தது.

மூன்றாவது வழியைப் பிடித்தேன். உள்ளே வர முடியாவிட்டால் என்ன, வெளியே போகலாமே. வெளியில் சிறிய சர்வர் ஒன்றை மாத வாடகைக்கு எடுத்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர் தானே அதை அழைத்து, வயர்கார்டு என்ற மென்பொருள் மூலம் இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. சும்மா இருந்தால் நடுவில் நிற்கும் வாசல்காரன் மறந்துவிடுவான் என்பதால் 25 விநாடிக்கு ஒரு முறை 'இருக்கிறேன்' என்று குரல் கொடுக்கும்படி அமைத்தேன். சென்னையிலிருந்து நானும் அதே சர்வரை அழைக்கிறேன். இருவரும் அங்கே சந்திக்கிறோம். இதே வேலையைச் சில நிமிடங்களில் செய்து தரும் டெயில்ஸ்கேல் போன்ற சேவைகளும் உண்டு. எனக்கு நடுவில் யார் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பி.பி. முறைக்கு ஒரு நல்ல பக்கமும் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். 2016ல் மிராய் என்ற கெடுநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லையே மாற்றாமல் வெளி உலகுக்குத் திறந்து வைத்திருந்த கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21ல் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றை முடக்கியது. வாசலைத் திறப்பவர் முதலில் பூட்டை மாற்ற வேண்டும்.

'ஜகலி' ஜகலியாகவே இருந்தது. இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து அழைத்தால் மீண்டும் மௌனம். சர்வரைச் சோதித்தேன், சாவிகளைச் சோதித்தேன், நிறுவனத்தைச் சந்தேகித்தேன். இரவில் மினுக்கும் பச்சை விளக்கு தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அம்மா ரௌட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, அது சூடாகி நின்றுவிட்டிருந்தது. துண்டை எடுக்கச் சொல்லத் தொலைபேசியில்தான் கூப்பிட வேண்டியிருந்தது.