கட்டாய வாக்கும் நம் பிள்ளைகளின் ஈடுபாடும்

ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் வாக்குப்பதிவு விழுக்காடு வெளியாகிறது. சென்னையின் எண் மாநிலத்தின் எண்ணைவிடத் தாழ்ந்திருப்பதைப் பார்த்து, ‘வாக்களிக்காதவர்களுக்கு அபராதம் விதிக்க வேண்டும், அரசுச் சலுகைகளை நிறுத்த வேண்டும்’ என்று சிலர் உரக்கச் சொல்லத் தொடங்குகிறார்கள். நம் வீடுகளிலும் இப்பேச்சு எழுகிறது. 18 வயது நிரம்பிய மகன் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவே சோம்பல் படுகிறான். மகளோ, ‘யார் வந்தால் நமக்கென்ன’ என்கிறாள். சட்டம் போட்டு அழைத்துச் சென்றால்தான் இவர்கள் போவார்கள் என்று பெற்றோர் சலித்துக்கொள்கின்றனர். அந்தச் சலிப்பு புரிகிறது. ஆனால், அந்தத் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை.

வாக்கு என்பது மார்க்கப் பார்வையில் அற்பமான செயலன்று. பாகிஸ்தானின் பேரறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவர்கள் அதற்கு மூன்று தன்மைகள் உண்டு என விளக்கினார்கள். இவர் இப்பொறுப்புக்குத் தகுதியானவர் என்று அளிக்கும் சாட்சியம் அது. அவருக்காகச் செய்யும் பரிந்துரை அது. நம் சார்பில் செயல்பட அவருக்கு வழங்கும் பிரதிநிதித்துவமும் அதுவே. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று அல்குர்ஆன் (2:283) எச்சரிக்கிறது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறும் (4:58) அது கட்டளையிடுகிறது. இவற்றை எடுத்துக்காட்டி, மார்க்கமே கடமையாக்கியதை அரசு கட்டாயமாக்கினால் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. (மறுபுறம், ‘மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை’ என்ற கருத்துடைய வசனத்தைக் கொண்டுவந்து கட்டாய வாக்கை மறுப்போரும் உண்டு. அது ஈமானை ஏற்பது பற்றிய வசனம். அதை வாக்குச்சாவடிக்கு இழுத்து வருவது பொருந்தாது.)

சாட்சியத்திற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அறிவில்லாத விஷயத்தைப் பின்தொடர வேண்டாம். செவி, பார்வை, உள்ளம் ஆகிய அனைத்தும் விசாரிக்கப்படும் என்கிறது அல்குர்ஆன் (17:36). சாட்சி சொல்ல அழைக்கப்பட்டால் மறுக்கக் கூடாது என்பது எவ்வளவு உண்மையோ, கண்டறியாததற்குச் சாட்சி சொல்லக் கூடாது என்பதும் அவ்வளவு உண்மை. அபராதச் சட்டம் இவற்றுள் முதற்பாதியை மட்டுமே நிறைவேற்றும். அடுத்த பாதி எந்தச் சட்டத்தின் கைக்கும் எட்டாது.

இந்தச் சட்டத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியா. 1922 தேர்தலில் அங்கு அறுபது விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே வாக்களித்தனர். 1924இல் கட்டாயச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே பதிவு தொண்ணூறைத் தாண்டியது. இன்றும் காரணமின்றி வாக்களிக்காதவருக்கு 20 டாலர் அபராதம். எனவே சட்டம் பலனளிக்காது என்று சொல்ல நான் வரவில்லை. எண்ணிக்கையை அது உயர்த்தும். ஆனால், அங்கே அரசும் தன் பங்குக்குக் கட்டுப்படுகிறது. தேர்தல் சனிக்கிழமையில் நடக்கிறது. முன்கூட்டியே வாக்களிக்கலாம், அஞ்சலில் அனுப்பலாம், மருத்துவமனைகளுக்கும் தொலைதூரக் குடியிருப்புகளுக்கும் நடமாடும் வாக்குச்சாவடிகள் செல்கின்றன. இத்தனைக்கும் பிறகு, வேட்பாளர் பெயர்களை மேலிருந்து கீழாக வரிசையாக எண்ணிட்டுவிட்டு வெளியேறும் பழக்கத்துக்கு அந்நாட்டு மக்களே ‘கழுதை வாக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்து நின்றதற்கும் அறிந்து வாக்களித்ததற்கும் உள்ள இடைவெளியை அந்தப் பெயர் ஒன்றே காட்டிவிடுகிறது.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்தது. குஜராத் சட்டமன்றம் 2009இல் உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2014இல்தான் கிடைத்தது. 2015இல் அபராதம் 100 ரூபாய் என விதி வகுக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அவ்வாண்டு மார்ச்சில் வெளிவந்த சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கையும் கட்டாய வாக்கைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது.

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. நம் ஊர்களின் இளைஞர்களில் எத்தனை பேர் துபாயிலும் ரியாத்திலும் தோஹாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள்! வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் படிவம் 6ஏ வழியாகப் பட்டியலில் பெயர் சேர்க்க 2010ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழிசெய்தது. ஆனால் வாக்களிக்க அவர்கள் கடவுச்சீட்டுடன் ஊர் வந்து நேரில் நிற்க வேண்டும். ஒரு வாக்குக்காக விடுப்பெடுத்து, பல ஆயிரம் ரூபாய்க்கு விமானச் சீட்டு வாங்கி எந்தத் தொழிலாளி வருவான்? கட்டாயச் சட்டம் வந்தால் அவர்களுக்கு விலக்கு அளித்தே தீர வேண்டும். அரசியலிலிருந்து மிகவும் விலகி நிற்கும் நம் இளைஞர் கூட்டத்தை அந்தச் சட்டம் தொடவே தொடாது. அவர்கள் இருக்கும் இடத்திலிருந்தே வாக்களிக்க வழி கேட்டுக் குரல் எழுப்புவது, அபராதம் கேட்டு எழுப்பும் குரலைவிட நமக்கு அவசரமானது.

அப்படியானால் ஈடுபாடு எங்கிருந்து வரும்? தன் சொல்லுக்கு எங்கேனும் ஒரு மதிப்பு உண்டு என்று கண்டவனுக்குத்தான் அது வரும். இங்கே நம் வீட்டு வாசலையே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. 1989 முதல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்துவிட்டது. நாட்டின் பிரதமரைத் தீர்மானிப்பதில் 18 வயது இளைஞனுக்குப் பங்குண்டு. ஆனால் நம் மஹல்லாக்கள் பலவற்றில் ஜமாஅத் பொதுக்குழுவில் அவனுக்கு இடமில்லை. தலைக்கட்டு வரி கட்டுபவர் என்று அவன் தந்தையின் பெயரே பதிவேட்டில் இருக்கிறது. திருமணமாகும் வரை அவன் கணக்கில் வருவதில்லை. அவன் சகோதரியோ எந்தக் காலத்திலும் வருவதில்லை. கந்தூரி நாளில் நாற்காலி போடவும், வெள்ளம் வந்தால் உணவுப் பொட்டலம் கட்டவும், ஜனாஸாவுக்குக் கப்ர் தோண்டவும் இளைஞர்கள் வேண்டும். கணக்கு வாசிக்கும்போது ஒருவன் எழுந்து கேள்வி கேட்டால், ‘உட்காரு தம்பி, பெரியவர்கள் பேசுகிறார்கள்’ என்கிறோம். தேர்தல் நேரத்தில் எந்தக் கட்சிக்கு ஆதரவு என்பதும் ஒரு சிலர் கூடி முடிவெடுத்து, அறிவிப்பாகவே அவனை வந்தடைகிறது. இப்படி வளர்ந்தவன் அரசியலில் அக்கறை காட்டவில்லை என்று வியப்பது நியாயமா?

உமர் (ரலி) அவர்கள் தம் ஆலோசனை அவையில் பத்ர் போரில் கலந்துகொண்ட மூத்த ஸஹாபாக்களுடன் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களையும் அமரச் செய்தார்கள். எங்களுக்கும் இவர் வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று அவர்களில் ஒருவர் குறைப்பட்டார். உமர் (ரலி) அதற்கு வாதத்தால் பதில் சொல்லவில்லை. ஒருநாள் அவையில் அந்நஸ்ர் அத்தியாயத்தின் கருத்தை எல்லோரிடமும் கேட்டார்கள். சிலர் வெளிப்படையான பொருளைக் கூறினர். சிலர் மௌனமாக இருந்தனர். அது நபி (ஸல்) அவர்களின் இறுதி நெருங்கிவிட்டதை உணர்த்துவதாக இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னார். தாமும் அவ்வாறே அறிந்திருப்பதாக கலீஃபா உறுதிப்படுத்தினார்கள். புகாரியில் இடம்பெறும் இச்செய்தியை நம் பயான்களில் இளைஞரின் கல்விச் சிறப்புக்குச் சான்றாகச் சொல்கிறோம். அவருக்கு முதலில் ஓர் இருக்கை போடப்பட்டது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கிராமங்களில் வேறொரு வாசலும் திறந்தே கிடக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் அது கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்படுகிறது. கப்ருஸ்தானுக்குச் செல்லும் பாதையில் விளக்கில்லை, மக்தபுக்கு எதிரே சாக்கடை தேங்குகிறது என்பதெல்லாம் அங்கே தீர்மானமாக ஏற வேண்டியவை. கல்லூரி மாணவன் ஒருவன் தன் தெருவின் குறையை எழுதிக் கொடுத்து, அது தீர்மானப் பதிவேட்டில் ஏறுவதைப் பார்த்துவிட்டால், அடுத்த தேர்தலுக்கு அவனை யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஜும்ஆவுக்குப் பின் எத்தனையோ அறிவிப்புகள் செய்கிறோம். இந்த ஆறு நாள்களையும், 17 வயதிலேயே பெயர் சேர்ப்புக்கு முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்ற செய்தியையும் அவற்றுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரியவர்கள் ஓர் அச்சத்தைச் சொல்வார்கள். இளைஞர்களை உள்ளே விட்டால் இயக்கச் சண்டைகளைக் கொண்டுவந்து ஜமாஅத்தைப் பிளந்துவிடுவார்கள் என்பது அது. ஆதாரமற்ற அச்சம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. பிளவுபட்ட பள்ளிவாசல்களை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் அந்தச் சண்டைகள் இப்போதும் ஓயவில்லை, வாட்ஸ்அப் குழுக்களில் இரவு பகலாக நடந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே தலைமை இல்லை, சொன்னதற்குப் பொறுப்பேற்பவரும் இல்லை. பொதுக்குழுவிலோ பேசுபவர் எழுந்து நின்று தம் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். பேசியது பதிவேட்டில் இருக்கும். மறுநாள் ஃபஜ்ரில் எதிர்த்துப் பேசியவருடன் ஒரே ஸஃப்பில் நிற்கவும் வேண்டும். உறுப்பினர் தகுதியைத் தலைக்கட்டு என்பதிலிருந்து 18 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலர் என மாற்றுவதற்குப் பல ஊர்களில் பொதுக்குழுவின் ஒரு தீர்மானமே போதும். வரும் ஆண்டுக் கணக்குக் கூட்டத்திலேயே அதை முன்மொழியலாம்.