‘ஏகமனதாக’த் தேர்வானவர்கள்

மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நெருக்கடியில் இருந்த ஓர் இரவு அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. “அண்ணா, நம்ம சங்கத்துல செயலாளர் பொறுப்புக்கு நான் நிக்கலாமா? கேட்டதுக்கு, அதெல்லாம் பேசி முடிச்சாச்சும்மா, நீ அடுத்த தடவை பாருங்கறாங்க. தேர்தல் தேதியே இன்னும் அறிவிக்கலையே, எப்படிண்ணா பேசி முடிச்சாங்க?”

கேட்டவர், நான் படித்த மேலாண்மைக் கல்வி நிறுவனத்தில் எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்து வெளிவந்தவர். கடலூர் மாவட்டத்துக் காலனி ஒன்றிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி. சங்கம் என்று அவர் சொன்னது, அந்த நிறுவனத்து முன்னாள் மாணவர் சங்கத்தின் சென்னைக் கிளையை. அதே கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டிய நாளொன்று இருந்தது. அன்று வாயை மூடிக்கொண்டு கை தட்டினேன். அதனால் அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இலட்சங்களில் சம்பளம் வாங்கும் மேலாளர்களின் சங்கத்துக்கு யார் தலைவரானால் நமக்கென்ன என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். மலக்குழியில் இறங்கிச் சாகும் மனிதர்களைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் இது தேவையா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனாலும் எழுதுகிறேன். இட ஒதுக்கீடு நம் பிள்ளைகளை வகுப்பறை வாசல் வரைதான் கொண்டுபோய் விடுகிறது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை அப்பால் போனவர்கள் யாரும் வெளியே சொல்வதில்லை.

முன்னாள் மாணவர் சங்கம் என்றால் ஆண்டுக்கொரு விருந்து, பழைய கதைகள், குழுப் படம் என்று நினைத்துத்தான் நானும் போனேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, விருந்து வெறும் சாக்கு. எந்த நிறுவனத்தில் எந்த நாற்காலி காலியாகப் போகிறது என்ற செய்தி விளம்பரமாக வருவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அங்கே வந்துவிடுகிறது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு முதலீட்டாளரை அறிமுகம் செய்து வைப்பது அங்கேதான். நேர்முகத் தேர்வுக்குப் போகும் மாணவர்களுக்கு யார் வழிகாட்டுவது, உதவித்தொகை யாருக்குப் போவது என்பதும் அங்கேதான் முடிவாகிறது. 2017ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம், அந்நிறுவனங்களின் ஆளுநர் குழுவிலேயே முன்னாள் மாணவர்களுக்கு இடம் தருகிறது. கிளைச் சங்கத்தின் தலைவர் பதவி சம்பளமில்லாத பதவிதான். ஆனால் சம்பளமில்லாத அந்தப் படிக்கட்டில் ஏறி எங்கெங்கோ போனவர்களை எனக்குத் தெரியும்.

நான் அந்தக் கிளையில் நான்கு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். சந்தா வசூல், மண்டபம் பிடிப்பது, தணிக்கையாளரிடம் கணக்குக் கொடுப்பது, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் படிவம் தாக்கல் செய்வது எல்லாம் என் தலையில். செய்ததில் எனக்குக் குறையில்லை, விரும்பித்தான் செய்தேன். நான்காவது ஆண்டு முடிவில் தலைவர் பொறுப்பு காலியானது. செயற்குழுவில் அதிகக் காலம் வேலை செய்தவன் நான் என்பதால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

பொதுக்குழு அன்று, முன்னாள் தலைவர்கள் மூவர் அடங்கிய ‘நியமனக் குழு’ ஒரு பட்டியலை வாசித்தது. ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், ஏகமனதாகத் தேர்வு என்று அறிவித்தார்கள். மூன்று நிமிடம் ஆகியிருக்காது. புதிய தலைவர் அதற்கு முன் எங்கள் கூட்டங்களுக்கு இரண்டு முறை வந்திருப்பார். விருந்தின்போது மூத்தவர் ஒருவர் என் தோளில் கை போட்டு, உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார்: “உங்க உழைப்பு இல்லேன்னா இந்தச் சங்கமே இல்லப்பா. ஆனா முன்னாடி நிக்கறதுக்கு ஒரு பேமிலி பேக்ரவுண்ட், ஒரு நெட்வொர்க் வேணும். ஸ்பான்சர்கிட்டப் போய் நிக்கணும்ல?”

இந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய நிறுவனங்களின் மனிதவள அதிகாரிகள் சாதியைப் பார்ப்பதில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டு, விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கட்டாயம் கேட்போம் என்று அடுத்த மூச்சில் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார்கள். சாதியைச் சொல்லாமலே சாதியைக் கேட்பதற்கு நவீன முதலாளியம் கண்டுபிடித்த சொல் அது. வேலைக்கு எடுக்கும்போது கேட்டதை, ஊதியமே இல்லாத தொண்டுக்கும் கேட்கிறார்கள்.

அந்தப் பட்டியல் எங்கே தயாரானது என்று பிறகு விசாரித்தேன். காலை நடையில் பாதி, நகரத்துப் பழைய கிளப் ஒன்றின் சாப்பாட்டு மேசையில் மீதி. அந்தக் கிளப்பில் உறுப்பினரின் விருந்தினராகத்தான் நம்மைப் போன்றவர்கள் நுழைய முடியும். 2014இல் சென்னையில் வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே ஒரு கிளப் வாசலில் தடுத்ததும், அதன் பிறகு சட்டமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்ததும் நினைவிருக்கும். வேட்டிக்குக் கதவு திறந்தது. உறுப்பினர் அட்டைக்குத் திறக்கவில்லை. எங்கள் செயற்குழு மாதந்தோறும் அங்கேதான் கூடியது. ஒவ்வொரு முறையும் வாயிற்பதிவேட்டில் இன்னாருடைய விருந்தாளி என்று எழுதிவிட்டுத்தான் என் சங்கத்தின் கூட்டத்துக்கு நான் உள்ளே போனேன். பொருளாளர் விருந்தாளி!

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “யாரும் முன்வருவதில்லை, இருப்பவர்களை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது.” தன்னார்வம் என்பது ஏதோ மனத்தில் ஊறும் நற்குணம் என்பதுபோல இதைப் பேசுகிறார்கள். தன்னார்வத்துக்கு நேரம் வேண்டும், பணம் வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு மண்டப முன்பணம் நாற்பதாயிரத்தை என் கடன் அட்டையில் கட்டினேன். சங்கத்திலிருந்து அது திரும்பி வர மூன்று மாதமானது, வட்டியை யாரிடமும் கேட்க முடியவில்லை. அப்பா கட்டிய வீட்டில் குடியிருப்பவருக்கு அந்த நாற்பதாயிரம் பொருட்டில்லை. வீட்டுக் கடனும், தம்பியின் கல்லூரிக் கட்டணமும், ஊரில் அம்மாவின் மருந்துச் செலவும் ஒரே சம்பளத்தில் ஓடுகிறவனுக்கு அது பொருட்டு. சனிக்கிழமை காலை கூட்டம் என்பார்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த நேரத்தில் ஊருக்குப் போகும் பேருந்தில் இருப்பார்கள். வர முடியாத இடத்தில், வர முடியாத நேரத்தில், தாங்க முடியாத செலவில் பொறுப்பை வைத்துவிட்டு, யாரும் முன்வரவில்லை என்று வருத்தப்படுவது நல்ல தந்திரம்.

வந்தவர் ஒருவரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. சில ஆண்டுகளுக்குப் பின், இளைய ஆண்டுகளைச் சேர்ந்தவர்கள் சந்தா கட்டித் திரண்டு வந்து, பட்டியலில் இல்லாத ஒருவரைத் தலைவராக்கினார்கள். கொங்குப் பகுதியில் விசைத்தறி ஓட்டிய பிற்படுத்தப்பட்ட குடும்பத்தின் மகன். மத்தியக் கல்வி நிறுவனங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு என்ற சட்டத்தை 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு உள்ளே வந்தவர். பழைய நிர்வாகம் அவரிடம் கைமாற்றியது என்ன தெரியுமா? ஒரு காசோலைப் புத்தகம், ஒரு துணிப் பதாகை, ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய நினைவுப் பரிசுகள். வங்கியில் கையெழுத்து மாற்றவே இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். சங்க மின்னஞ்சலின் கடவுச்சொல் நான்காம் மாதம் வந்தது. நன்கொடை தரும் நிறுவனங்களின் தொடர்பு எண்கள் கடைசி வரை வரவில்லை. அவையெல்லாம் ‘தனிப்பட்ட நட்பு’ என்றார்கள். அந்த ஆண்டு விழாவுக்கு ஸ்பான்சர் கிடைக்கவில்லை, விழா சிறியதாக நடந்தது. அடுத்த பொதுக்குழுவில், “புதியவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தோம்” என்று ஒருவர் எழுந்து பேசினார். மறுபடியும் ஏகமனது.

சங்கத்தின் பெயரைச் சொல்லிச் சம்பாதித்த தொடர்பு எப்படித் தனிச்சொத்தாகும்? நான் பார்த்தவரை விஷயமே இங்கேதான் இருக்கிறது. பதவியைத் தேர்தலில் கொடுத்துவிட்டு, பதவியின் உயிரைக் கைக்குள் வைத்துக்கொள்ளலாம். சாதி அகமணத்தால்தான் நிலைக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையில் நிறுவினார். பொறுப்புக்கும் ஓர் அகமணம் இருக்கிறது. தொடர்புகள் வட்டத்துக்குள்ளேயே மணம் முடிக்கும். வெளியிலிருந்து வருகிறவர் தாலி கட்டியும் சீர் வராத மாப்பிள்ளை மாதிரி நிற்க வேண்டியதுதான்.

இதன் மறுமுனையில் என்ன இருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. டி. அஜித், ஹான் டாங்கர், ரவி சக்சேனா ஆகியோர் நாட்டின் முதல் ஆயிரம் நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட கட்டுரையில், இயக்குநர்களில் சுமார் 93 விழுக்காட்டினர் முன்னேறிய சாதியினர் என்று கண்டார்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் சேர்ந்து 3.5 விழுக்காடு. தகுதி, திறமை என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்லட்டும். இயக்குநர் குழுவுக்குத் தேர்வு எழுதி யாரும் போவதில்லை. தெரிந்தவர் தெரிந்தவரைச் சொல்லித்தான் போகிறார்கள். அந்தத் தெரிந்தவர்கள் தயாராகும் இடங்களில் ஒன்றுதான் எங்கள் சங்கம்.

நான் மட்டும் யோக்கியன் என்று எழுத வரவில்லை. பொருளாளர் பொறுப்பை விட்டபோது எனக்கு அடுத்தவரை நானும் தொலைபேசியில்தான் முடிவு செய்தேன். நம்ம பையன், நம்பலாம் என்று ஒருவரைச் சொன்னேன், எதிர்ப்பில்லாமல் வந்தார். அறிவிப்பில்லை, விண்ணப்பமில்லை. அந்த நேரத்தில் அது சமூக நீதி போலவே எனக்குத் தோன்றியது. அதே பொறுப்புக்கு அருந்ததியர் தோழர் ஒருவர் விருப்பமாக இருந்தார் என்று எனக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரியவந்தது. அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்கும்படி நான் எந்த வாசலையும் திறந்து வைக்கவில்லை.

நம் இயக்கங்களின் கதையும் இதில் பெருமைப்படும்படி இல்லை. 1957இல் தொடங்கிய இந்தியக் குடியரசுக் கட்சி சில ஆண்டுகளிலேயே தலைவர்களின் பெயர்களால் பிளவுபட்டது. 1949இல் திராவிடர் கழகம் உடைந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம், பெரியாருக்குப் பின் யார் என்ற கேள்வி அவற்றில் முதன்மையானது. இன்றும் நம் அமைப்புகளில் தலைவருக்கு அடுத்து யார் என்று கேட்பவரைச் சந்தேகமாகத்தானே பார்க்கிறோம்? தனிமனித வழிபாடு பற்றி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று விடுத்த எச்சரிக்கையைச் சுவரொட்டியில் அச்சிட்டு, அதன் கீழே தலைவர் படத்தை இரண்டு மடங்கு பெரிதாகப் போடுகிறோம். சரி, இது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

எங்களைப் போன்றவர்கள் தனிச் சங்கம் தொடங்கலாமே என்று அந்தத் தங்கையே கேட்டார். நம் பிள்ளைகள் கூடிப் பேச ஓர் இடம் கட்டாயம் வேண்டும், ஏற்கெனவே சில நிறுவனங்களில் தொடங்கியும் இருக்கிறார்கள். ஆனால் அதற்காகப் பொதுச் சங்கத்தைக் காலி செய்து கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அது அவர்களின் சங்கமில்லை. நம் சந்தாவும் அதில் இருக்கிறது.

சட்டமும் நாம் நினைப்பதைவிட நம் பக்கம் இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படிப் பதிவான சங்கத்தில் செயற்குழு உறுப்பினர் ஒருவரின் பதவிக் காலம் மூன்றாண்டுக்கு மேல் போகக் கூடாது. நிர்வாகிகள் மாறினால் ஏழாம் எண் படிவத்தில் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தப் படிவத்தை நான்கு ஆண்டுகள் நிரப்பியவன் நான். அதில் நியமனக் குழு என்று ஒரு கட்டம் கிடையாது. எங்கள் சங்கத்தின் துணைவிதிகளிலும் அப்படியொரு குழு கிடையாது என்பதை அந்தத் தங்கை கண்டுபிடித்த பிறகுதான் நானே அறிந்தேன். செயலாளரிடம் இரண்டு முறை கேட்டும் துணைவிதி நகல் வராததால், பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கொடுத்து வாங்கிவிட்டார். வழக்கம் என்ற பெயரில் மூன்று பேர் தங்களைத் தாங்களே நியமித்துக்கொண்டிருந்தார்கள். நான் நான்கு ஆண்டுகள் கணக்குப் பார்த்தேனே தவிர, விதியைப் பார்க்கவில்லை.

இப்போது நாங்கள் எழுத்தில் கேட்டிருப்பவை பெரிய கோரிக்கைகள் இல்லை. தேர்தல் அறிவிப்பும் வேட்புமனுவுக்கான கடைசி நாளும் எல்லா உறுப்பினருக்கும் போக வேண்டும். யாரும் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒரே பொறுப்பில் இருக்கக் கூடாது. கூட்டம் கிளப்பில் வேண்டாம், யாரும் யாருடைய விருந்தாளியாகவும் இல்லாமல் நுழையக்கூடிய பொது மண்டபத்தில் நடக்கட்டும். முன்பணம் சங்கக் கணக்கிலிருந்தே போகட்டும். பொறுப்பு விடுகிறவர் வங்கிக் கையெழுத்து, கடவுச்சொற்கள், நன்கொடையாளர் விவரம் அனைத்தையும் பதினைந்து நாளில் எழுதிக் கொடுத்துக் கையொப்பமிட வேண்டும். கடைசிக் கோரிக்கைக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வந்தது. “நம்பிக்கை இல்லையா?” என்று கேட்டார்கள். மற்றவற்றுக்கெல்லாம் “பார்க்கலாம்” என்றவர்கள் இதற்கு மட்டும் கோபப்பட்டதில், எங்கே கை வைத்திருக்கிறோம் என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தங்கை வேட்புமனு எழுதிவிட்டார். நான் முன்மொழிகிறேன். வழிமொழிய, நடப்பாண்டுச் சந்தா கட்டிய இன்னொருவர் வேண்டும். ஆறு பேரிடம் கேட்டேன். நால்வர், “நல்ல விஷயம்தான், ஆனா என் பேரு வேண்டாமே” என்றார்கள். ஒருவர் போனை எடுக்கவில்லை. ஆறாமவர், முன்பு நான் வாசல் திறக்காமல் விட்ட அந்த அருந்ததியர் தோழர். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவருக்கு என்னிடம் யோசிக்க நிறையவே இருக்கும். மனுத்தாக்கலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.