தயிர்சாதமும் பூனையும்

ஹைதராபாத் தார்நாக்காவில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் நீலகிரியில் உள்ளது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் மேற்கொண்ட பெரிபெரி ஆய்வே அதன் தொடக்கம். 1958இல் அது ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை மெக்கரிசன் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி உண்ட எலிகள் செழித்தன. சென்னை மாகாணத்து அரிசியுணவு உண்டவை நலிந்தன. எலியும் மனிதனைப் போல் எதையும் தின்னும் உயிர் என்பதால்தான் அதைக்கொண்டு மனிதனின் தட்டை எடைபோட முடிந்தது. அந்த எலியைத் தின்னும் பூனையை வைத்து அந்தச் சோதனையைச் செய்திருக்க இயலாது.

இந்த வேறுபாட்டைத்தான் பூனை வளர்க்கும் வீடுகள் பல மறந்துவிடுகின்றன. அசைவம் சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வாடகைக்கு விடப்படும் வீட்டில் பூனைக்குக் கிடைப்பது பாலும் தயிர்சாதமும். அது விரும்பி உண்கிறது என்பதே சான்றாகக் காட்டப்படுகிறது. பசித்த பூனை எதையும் நக்கும். இனிப்பை உணரும் மரபணு அதனிடம் செயலிழந்து கிடப்பதை 2005இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மாவுப்பொருளைத் தேடி வாழ்ந்த உயிரல்ல அது.

டாரின் என்னும் சேர்மத்தை நாய் தன் உடலிலேயே போதுமான அளவு உருவாக்கிக்கொள்ளும். பூனையால் அது இயலாது. டாரின் இறைச்சியிலும் மீனிலும் உண்டு; அரிசியிலும் பருப்பிலும் இல்லை. பாலின் புரதமான கேசீனை மட்டுமே புரதமாகக் கொண்ட உணவில் வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைவதை 1975இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அச்சிதைவு மீளாதது. 1987இல் இதயத் தசை தளர்ந்த பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைந்திருப்பது தெரியவந்தது. அதை ஊட்டியபோது இதயம் தேறியது. அப்பூனைகளிற் பல உண்டது கடைத் தீவனம் என்பதையும் சொல்லவேண்டும். பூனைத் தீவனத்தில் டாரின் அளவு உயர்த்தப்பட்டது அதன்பிறகே. விலை மலிவென்று நாய்த் தீவனத்தைப் பூனைக்கு இடுவோர் கவனிக்கவேண்டிய இடம் இது.

செயற்கை டாரின் சேர்த்த தாவரத் தீவனம் உண்டே என்பர். கொள்கையளவில் அது இயலக்கூடியதே. ஆனால் அதற்குச் சாதகமாகப் பேசும் ஆய்வுகளிற் சில, வளர்ப்போர் தம் பூனை நலமென்று சொன்னதையே சான்றாகக் கொண்டவை. எப்படியாயினும், அளந்து சேர்த்த ஆலைத் தீவனத்தைக் காட்டித் தயிர்சாதத்தை நியாயப்படுத்த முடியாது.

தமிழில் 'சைவப் பூனை' என்பது பாசாங்குக்காரரைச் சுட்டும் வசை. மாமல்லபுரத்துப் பாறையில் முன்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையின் காலடியிலேயே எலிகள் நிற்கின்றன. மொழியும் சிற்பமும் நன்கறிந்த ஒன்றை இன்றைய வீடு ஏனோ நம்ப மறுக்கிறது. தம் தட்டின் அறத்தைத் தாம் காப்பது ஒருவரின் உரிமை. அதைப் பூனையின் மீது ஏற்றுவது அறமன்று. இறைச்சியைத் தொட மனமில்லாதோர் முயலையோ கிளியையோ விரும்பலாம். அயல்நாடுகளில் வளர்க்கப்படும் ஃபெரெட்டைக் கண்டு ஆசைப்படுவோருக்கும் இதுவே பொருந்தும். அதன் குடல் மிகக் குறுகியது, உண்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியேறிவிடும், மாவுணவு அதற்கு ஆகாது.

இறைச்சி சமைக்கும் வீடுகளிலும் பிழை உண்டு. எலும்பு நீக்கிய கோழிக்கறியை மட்டும் நாள்தோறும் கொடுத்தால் கால்சியம் போதாது. முழு எலியை உண்ணும் பூனைக்கு எலும்பும் ஈரலும் இதயமும் சேர்ந்தே கிடைக்கின்றன. வேகவைக்கும்போது டாரின் நீரில் கரைந்துவிடும் என்பதால் அந்த நீரைக் கொட்டாமல் கறியோடே ஊற்றவேண்டும். சமைத்த எலும்பு குடலைக் கிழிக்கக்கூடும். இந்நகரத்தில் தனியே சொல்லவேண்டியது பிரியாணி: அதன் வறுத்த வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. விருந்து முடிந்து இலையில் எஞ்சிய கறியை அன்போடு எடுத்து வைப்பவர், மசாலாவைக் கழுவிவிட்டால் போதும் என்றும் எண்ணவேண்டாம். வெங்காயச் சாறு கறிக்குள் ஊறியிருக்கும்.