கழுத்துத் துளைக்குப் பயப்படுகிறோம், அதற்குப் பிறகு வருவதற்கல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் வயதானவர்கள் இருப்போர் கட்டாயம் வாசியுங்கள்.

ஐ.சீ.யூ.வில் வாயால் டியூப் போட்டு மெஷினில் இருக்கும் ஒருவருக்கு, ஒன்று இரண்டு வாரம் போனதும் "கழுத்தில் துளை போட வேண்டும், சம்மதமா?" என்று டொக்டர்மார் கேட்பதுண்டு. டிரக்கியொஸ்டமி என்பது இதுதான். உடனே எம்மவர்கள் அதைக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள். கட்டாரில் இருக்கும் மருமகன் ஒன்று சொல்வார், கொழும்பில் இருக்கும் சாச்சா இன்னொன்று சொல்வார். "கழுத்த வெட்டினா ஆள் முடிஞ்சுது" என்று ஒருவர் வொய்ஸ் அனுப்புவார். கையொப்பம் வைக்க ஆளில்லாமல் நாட்கள் போகும்.

வாயால் போகும் டியூப் குரல் நாண்களுக்கு நடுவால்தான் இறங்குகிறது. நீண்ட நாள் இருந்தால் அங்கே புண் வரலாம், மூச்சுக்குழாய் சுருங்கியும் போகலாம். வளர்ந்த ஒருவருக்கே அந்தக் குழாய் 10, 12 சென்ரிமீற்றர் நீளம்தான். கழுத்தில் போட்டால் மயக்க மருந்தைக் குறைக்கலாம், சளியை எடுப்பதும் லேசு. குரல் போய்விடும் என்பதும் முழு உண்மையல்ல. காற்று குரல் நாண் பக்கம் போகாததால்தான் சத்தம் வருவதில்லை. தேறியதும் டியூபைக் கழற்றினால் அநேகமாகத் துளை தானாக மூடிக்கொள்ளும்.

ஆபத்தே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. இரத்தக் கசிவு, கிருமித் தொற்று, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது எல்லாம் நடக்கலாம். முதல் வாரத்தில் டியூப் கழன்றால் திரும்பப் போடுவது கடினம், ஏனென்றால் பாதை இன்னும் இறுகியிருக்காது. சுருக்கம் பின்னாலும் வரலாம். "எங்கட வாப்பாவுக்கு இதில் எது கூடுதலாக வரலாம்?" என்று டொக்டரிடமே கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை, மரியாதைக் குறைவல்ல.

ஆனால் எமது கவலை வேறு. சிலரை டியூபோடுதான் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே சளி காய்ந்து டியூப் அடைத்தால் சில நிமிடங்களில் உயிர் போகும். ஒபரேஷனுக்குச் சம்மதிக்க இருபது பேரிடம் அபிப்பிராயம் கேட்ட குடும்பத்தில், உள் டியூபைக் கழற்றிக் கழுவ ஒருவருக்கும் தெரியாது! வரும் முன் வார்ட்டிலேயே இரண்டு பேராவது மிஸ்மாரிடம் கையால் செய்து பழகுங்கள். ஒருவர் போதாது, அவரும் தூங்க வேண்டுமே. மாற்று டியூப் ஒன்று கட்டிலடியில் இருக்கட்டும். மூச்சு முட்டினால் 1990க்கு எடுங்கள்.

குளிப்பாட்டும்போதும் வுழூச் செய்யும்போதும் துளைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகக்கூடாது. கழுத்துக்கு மேலால் வாளித் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். மார்க்கச் சலுகையை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கதிரையும் பந்தலும் இரவல் கொடுக்கும் எமது ஊர்ச் சங்கங்களிடமும் ஒன்று கேட்கிறோம். சளி உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள். கரண்ட் போனாலும் காலால் மிதித்து வேலை செய்யும் வகையும் இருக்கிறது, முடிந்தால் அதிலும் ஒன்று.